பழைய வண்டியில் ஏர் சஸ்பென்ஷன் உட்கார்ந்துவிட்டால்: புதுசா, ரீகண்டிஷனா, காயில் ஸ்பிரிங்கா?

பெங்களூரில் பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிய மெர்சிடிஸ் எஸ் கிளாஸோ ஆடி க்யூ7-ஓ இன்றைக்கு ஒரு புது ஹேட்ச்பேக் விலைக்குக் கிடைத்துவிடுகிறது. டெல்லி வண்டி என்றால் இன்னும் கீழே. 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லியில் ஓடக்கூடாது என்று 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்த பிறகு, அங்கே பொத்திப் பொத்தி வைத்திருந்த நல்ல வண்டிகளெல்லாம் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்றிதழ்) வாங்கிக்கொண்டு தெற்கே வர ஆரம்பித்தன. இங்கே ஆயுள் வரியைக் கட்டி, கேஏ நம்பர் போட்டு, சொந்தக்காரர்களை எல்லாம் ஒரு ரவுண்டு ஏற்றிக் காட்டியும் ஆயிற்று. அப்புறம் ஒரு நாள் காலையில் பார்க்கிங்கில் இறங்கிப் பார்த்தால் முன்பக்கம் ஒரு மூலை மட்டும் டயரை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அதற்கு மேல் யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு பதில். கம்பெனி சர்வீஸில் ரெண்டு ஸ்ட்ரட்டும் (காற்றுப் பையும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) கம்ப்ரசரும் மாற்றணும் என்று ஒரு எஸ்டிமேட் நீட்டுவார்கள், அதைப் பார்த்தால் வண்டியையே அவர்களிடம் விட்டுவிட்டு மெட்ரோவில் போய்விடலாம் என்று தோன்றும். ஜே.சி. ரோட்டில் கேட்டால் ரீகண்டிஷன் பெல்லோ (பழுது பார்த்த காற்றுப் பை) இருக்கு சார் என்பார்கள். டீக்கடையில் கேட்டால் இந்தக் காற்று வேலையே வேண்டாம், ஸ்பிரிங் போட்டுட்டு நிம்மதியா இரு என்பார்கள். மூன்றுமே ஏதோ ஒரு வண்டிக்குச் சரியான பதில்தான், உங்கள் வண்டிக்கு எது என்பதுதான் பிரச்சினை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு, பெயருள்ள வெளி பிராண்டின் புது ஸ்ட்ரட்டை ஜோடியாகப் போடுவதுதான் லாபம். காயில் ஸ்பிரிங்குக்கு மாறுவது, அதே மாடலை ஃபேக்டரியே ஸ்பிரிங்கோடும் விற்றிருந்தால் மட்டும். குஜரிக் கடையிலிருந்து, அதாவது பழைய சாமான் கடையிலிருந்து, பழைய பெல்லோ வாங்கவே கூடாது. ஆனால் இதில் எதற்கும் பணம் எடுத்து வைக்கும் முன்னால் எங்கே கசிகிறது என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் பாகம் மாற்றுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

ரொம்பச் சுருக்கமாக இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். இரும்புச் சுருளுக்குப் பதில் நூல் பின்னல் வைத்த ரப்பர் பை ஒன்று, அதுதான் பெல்லோ, வண்டியின் எடையைக் காற்றால் தாங்குகிறது. ஒரு சின்ன மின்சாரக் கம்ப்ரசர் காற்றை அழுத்துகிறது, அது சிலிக்கா ஜெல் நிரப்பிய டிரையர் வழியாகப் போய் ஈரம் நீங்கி வால்வு பிளாக்குக்கு வருகிறது, அங்கிருந்து மெல்லிய நைலான் குழாய்களில் ஒவ்வொரு மூலைக்கும் பிரிந்து போகிறது. சக்கரத்துக்கு அருகே இருக்கும் லெவல் சென்சார்கள் உயரத்தைச் சொல்ல, ஒரு கண்ட்ரோல் யூனிட் எந்த மூலைக்குக் காற்று கொடுப்பது, எதில் எடுப்பது என்று முடிவு செய்கிறது. பல வண்டிகளில் காற்றைச் சேமித்து வைக்க ஒரு டேங்கும் உண்டு. மெர்சிடிஸில் இதற்கு ஏர்மேட்டிக் என்று பெயர், 1998-இல் வந்த டபிள்யூ220 தலைமுறை எஸ் கிளாஸில்தான் அந்தப் பெயரோடு அறிமுகமானது.

இதில் ஒரு விஷயம் பல மெக்கானிக்குகளுக்கே பிடிபடுவதில்லை. டிரையருக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் எப்படித் தன்னைத் தானே உலர்த்திக்கொள்கிறது தெரியுமா? வண்டியைத் தாழ்த்தும்போது பெல்லோவிலிருந்து வெளியே வரும் உலர்ந்த காற்று அதே டிரையர் வழியாகத்தான் திரும்பிப் போகிறது, போகிற வழியில் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. பெல்லோவில் ஓட்டை விழுந்தால் அந்தக் காற்று திரும்பி வராமல் ஓட்டை வழியாகவே ஓடிவிடும். டிரையர் உலர வாய்ப்பே கிடைக்காது, ஈரம் உள்ளே போய் வால்வு பிளாக்கில் துருவும் பாசியும் மாதிரிப் படியும், கம்ப்ரசரும் நாள் முழுக்க ஓடி ஓடிப் பிஸ்டன் ரிங் தேயும். அதாவது கம்ப்ரசர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை, கசிவுதான் அதைக் கொல்கிறது. கசிவை விட்டுவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதுசும் அதே வழியில் போகும்.

சரி, கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சாதாரண இன்ச் டேப் எடுத்து, நான்கு சக்கரத்திலும் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலையில் மறுபடி அளங்கள். இது எல்லோருக்கும் தெரியும், ஆனால் ராத்திரி சஸ்பென்ஷன் கண்ட்ரோல் யூனிட்டின் ஃபியூஸைக் கழற்றி வைக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. வண்டியைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் அந்த யூனிட் இடையிடையே விழித்துப் பார்க்கும், ஒரு மூலை இறங்கியிருந்தால் மற்ற மூன்றையும் அதன் அளவுக்கு இறக்கிச் சமன்படுத்திவிடும். லேண்ட் ரோவர் வண்டிகள் இதில் கெட்டிக்காரர்கள். காலையில் வந்து பார்ப்பவருக்கு நாலும் உட்கார்ந்திருக்கும்.

காக்ஸ் டவுனில் இருக்கும் என் மச்சானின் டிஸ்கவரிக்கு இதுதான் நடந்தது. "மாமா, நாலு பக்கமும் உட்காந்துடுச்சு, கம்ப்ரசர் போச்சுன்னு சொல்றாங்க" என்று போன் செய்தான். வெளியே ஒரு ஒர்க்ஷாப்பில் புதுக் கம்ப்ரசருக்கு அட்வான்ஸ் கேட்டிருந்தார்கள். ஃபியூஸை எடுத்துவிட்டு ஒரு ராத்திரி விட்டுப் பார் என்றேன். காலையில் முன்பக்க வலது மட்டும் இறங்கியிருந்தது, மற்ற மூன்றும் அசையவில்லை. போய்ப் பார்த்தால் ஸ்ட்ரட்டின் தலையில் குழாய் சொருகும் இடத்தில் சோப்புத் தண்ணி ஊற்றியதும் நுரை பொங்கியது. குழாயின் நுனியை ஒரு துண்டு வெட்டிவிட்டுப் புது ஃபிட்டிங் போட்டதோடு கதை முடிந்தது.

ஆக, ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்த மூலையின் பெல்லோ, அல்லது குழாய், அல்லது ஃபிட்டிங். வால்வு பிளாக்கில் அந்த மூலைக்கான வால்வும் இருக்கலாம், எது என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு: வால்வு பிளாக்கில் இடது வலது குழாய்களை மாற்றிச் சொருகிவிட்டு மறுபடி ராத்திரி விடுவது. இறங்குவது அதே மூலையாக இருந்தால் ஸ்ட்ரட் பக்கம், எதிர்மூலைக்குப் போய்விட்டால் வால்வு பிளாக். இதை லிஃப்டில் ஏற்றி, காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும், கார் டயரில் இருக்கும் காற்றைவிடப் பல மடங்கு அழுத்தம் அந்தக் குழாய்க்குள் இருக்கிறது. குழாய் மாறியிருக்கும்போது வண்டியை ஓட்டக்கூடாது, ஃபியூஸையும் திரும்பப் போடக்கூடாது. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை விடுவதும் கூடாது. காற்று போனால் வண்டி ஒரே நொடியில் இறங்கும், எச்சரிக்கையெல்லாம் கொடுக்காது.

முன்பக்கம் இரண்டும் சேர்ந்து இறங்கினால் நான் முதலில் வால்வு பிளாக்கைத்தான் சந்தேகிப்பேன். ராத்திரி முழுக்க உயரம் அப்படியே நிற்கிறது, ஆனால் ஓட்டும்போது ஒரு பக்கம் எப்போதும் தூக்கலாகவோ தாழ்வாகவோ இருக்கிறது என்றால் அது கசிவே இல்லை, லெவல் சென்சாரின் சின்னக் கம்பி உடைந்திருக்கும் அல்லது சென்சார் போயிருக்கும். ஹம்பில் அடி வாங்குகிற ஊர் இது, அந்தக் கம்பி உடைவது ஆச்சரியமில்லை. கம்ப்ரசர் சத்தமே வரவில்லை என்றால் ரிலேவையும் ஃபியூஸையும் பாருங்கள். ரிலே என்பது கம்ப்ரசருக்கு மின்சாரம் விடுகிற சின்ன சுவிட்ச், சொற்பக் காசுப் பொருள், அதன் உள்ளே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடி எரிந்துபோகும். அதனால் கம்ப்ரசர் மாற்றும்போது ரிலேவையும் சேர்த்து மாற்றாத மெக்கானிக்கை நான் நம்ப மாட்டேன்.

குளிர்காலத்தில் மட்டும் உட்காருகிறது, மற்ற நேரம் நன்றாக இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். டிசம்பர் காலையில் 15 டிகிரிக்குப் போகும்போது பழைய ரப்பர் விறைத்துப்போய் வெடிப்பு வாயைத் திறக்கிறது, வெயில் ஏறினதும் மூடிக்கொள்கிறது. பெல்லோவில் வெடிப்பு பெரும்பாலும் மடிந்து உருளும் அந்த மடிப்பில்தான் வரும். முன்பக்க ஸ்ட்ரட்டுகளில் அதைச் சுற்றி அலுமினிய உறையோ தூசு உறையோ இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சோப்புத் தண்ணியை மேலிருந்து உள்ளே விட்டு, காதை வைத்துக் கேட்க வேண்டியதுதான். இந்த அறிகுறி வந்தால் கோடை வரை தள்ளலாம் என்று நினைக்காதீர்கள், ஆறு மாதத்தில் கம்ப்ரசரையும் சேர்த்துக் கேட்கும்.

இப்போது கண்டுபிடித்தாயிற்று, பெல்லோதான் என்று வைத்துக்கொள்வோம். என்னென்ன வழிகள்.

கம்பெனி ஒரிஜினல். தரம் பற்றிப் பேச ஒன்றுமில்லை, போட்டுவிட்டால் வருடக்கணக்கில் மறந்துவிடலாம். ஆனால் முன்பக்க ஸ்ட்ரட் ஒன்றுக்கே லட்சத்தைத் தொடுகிற மாடல்கள் உண்டு. வண்டியின் மொத்த மதிப்பே எட்டு, பத்து லட்சம் எனும்போது அதில் கால் பங்கை இரண்டு ஸ்ட்ரட்டில் போடுவது கணக்குக்கு வராது. வண்டியை இன்னும் ஏழெட்டு வருடம் வைத்திருக்கப் போகிறவர், கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டி, பணம் பொருட்டில்லை, இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும் இது.

வெளி பிராண்ட் புதுசு. இதில் இரண்டு வகை இருக்கிறது. பில்ஸ்டைன், காண்டினென்டல் மாதிரி கார் கம்பெனிகளுக்கே சஸ்பென்ஷன் பாகம் கொடுக்கிறவர்கள் தங்கள் பெயரிலும் விற்கிறார்கள்; உங்கள் மாடலுக்கு அப்படிக் கிடைத்தால் யோசிக்காமல் அதை வாங்குங்கள், ஒரிஜினலுக்கு மிக அருகில் இருக்கும், விலை குறையும். இன்னொன்று, அமெரிக்காவின் ஆர்னாட் மாதிரி பழைய வண்டிகளுக்கென்றே ஏர் ஸ்ட்ரட் செய்கிறவர்கள். வாரண்டி கொடுப்பார்கள், ஆனால் அந்த வாரண்டியை இங்கே யார் மதிக்கிறார்கள் என்று வாங்குவதற்கு முன் விற்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பொருளைத் திருப்பி வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவு உங்கள் தலையில் என்றால் அது வாரண்டியே இல்லை. இன்னொரு எச்சரிக்கை, ஒரே மாடலிலேயே சாதா வண்டிக்கும் ஃபோர்மேட்டிக் (நான்கு சக்கர இழுவை) வண்டிக்கும் முன்பக்க ஸ்ட்ரட் வேறு, டேம்பரை (ஷாக் அப்சார்பரை) மின்சாரத்தால் மாற்றும் வசதி உள்ளதற்கும் இல்லாததற்கும் வேறு. பழைய ஸ்ட்ரட்டில் அச்சடித்திருக்கும் பார்ட் நம்பரைப் பார்த்துத்தான் ஆர்டர் போட வேண்டும், மாடல் பெயரைச் சொல்லி அல்ல.

பெயரே கேள்விப்படாத மலிவுப் பொருளும் ஆன்லைனில் கிடைக்கிறது. சிலருக்கு நன்றாக ஓடுகிறது, சிலருக்கு ஒரு மழைக்காலம் தாண்டுவதில்லை. விற்கப் போகிற வண்டிக்கு வேண்டுமானால் போடலாம் என்பார்கள், அது வாங்குகிறவன் தலையில் கட்டுவது, எனக்கு ஒப்புதல் இல்லை.

ரீகண்டிஷன் விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் பெங்களூரில் பெரும்பாலானவர்கள் போய் நிற்பது இங்கேதான். பழைய ஸ்ட்ரட்டைக் கழற்றி, கிழிந்த ரப்பர் பையை வெட்டியெடுத்து, புதுப் பை போட்டு, வளையத்தால் இறுக்கித் தருகிறார்கள். செலவு புதிதின் ஒரு பகுதிதான். ஆனால் முன்பக்க ஸ்ட்ரட் என்பது பை மட்டும் அல்ல, அதற்குள்ளேயே ஷாக் அப்சார்பரும் இருக்கிறது. லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய டேம்பர் ஏற்கெனவே சோர்ந்திருக்கும், எண்ணெய் வியர்த்திருக்கும். புதுப் பை காற்றைப் பிடிக்கும், வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆனால் ஒவ்வொரு ஹம்ப் தாண்டும்போதும் தொட்டில் மாதிரி இரண்டு ஆட்டம் ஆடும். காற்றுப் பிரச்சினை தீர்ந்தது, சஸ்பென்ஷன் பிரச்சினை தீரவில்லை.

இரண்டாவது, அந்த வளையம். ஃபேக்டரியில் மெஷினால் சுற்றிலும் ஒரே சீராக அழுத்திப் பிடிக்கிறார்கள். இங்கே சிலரிடம் அந்த கிரிம்பிங் மெஷின் இருக்கிறது, சிலர் ரேடியேட்டர் ஹோஸுக்குப் போடுகிற கிளாம்பை இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். போய்க் கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுங்கள். வேலை முடிந்ததும் காற்று நிரப்பித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் வேறு இடம் பாருங்கள். பையின் உற்பத்தித் தேதியையும் கேளுங்கள், அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த ரப்பரும் வயதாகிப்போன ரப்பர்தான்.

ஆக ரீகண்டிஷன் எங்கே சரி என்றால், ஷாக் தனி, பை தனி என்று இருக்கும் பின்பக்கத்தில். ஆனால் அங்கே ரீகண்டிஷனே தேவையில்லை, வெறும் புதுப் பையே மலிவாகக் கிடைக்கும் என்பதுதான் வேடிக்கை. மெர்சிடிஸ் டபிள்யூ164 எம்எல்லிலும் பிஎம்டபிள்யூ ஈ70 எக்ஸ்5-இலும் பின்பக்கம் அப்படித்தான். எக்ஸ்5-இல் முன்பக்கம் வழக்கமான காயில் ஸ்பிரிங், பின்பக்கம் மட்டும் ஏர். கழற்றி மாட்டுவதும் சின்ன வேலை, இந்த வண்டிக்காரர்கள் எஸ் கிளாஸ் கதைகளைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை.

பழைய பெல்லோ, அதாவது விபத்து வண்டியில் கழற்றியது. சிவாஜிநகரில் தேடினால் எதுவும் கிடைக்கும், அங்கே தமிழில் பேசினாலே விலை கொஞ்சம் இறங்கும் என்பதும் உண்மை. ஆனால் உங்கள் வண்டியில் வயதால் போன ரப்பருக்குப் பதில் அதே வயசு ரப்பரை வாங்குவதில் என்ன அர்த்தம்? காற்றில்லாமல் மடிந்து கிடந்த பை மடிப்பிலேயே வெடித்திருக்கும், எடை ஏற்றினால்தான் தெரியும். அதே கடையில் லெவல் சென்சார், கண்ட்ரோல் யூனிட், காற்று டேங்க் எல்லாம் தாராளமாக வாங்கலாம். வால்வு பிளாக் கூட, திருப்பித் தரும் பேச்சு பேசிக்கொண்டால் வாங்கலாம். கம்ப்ரசர் வேண்டாம், 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பக்கம் சொகுசு வண்டிகள் தண்ணீரில் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம், அந்த மாதிரி வண்டிகளின் பாகங்கள் எங்கேயோ ஓர் அலமாரிக்குத்தான் வந்து சேர்ந்திருக்கும்.

இனி காயில் ஸ்பிரிங். இதை ஒரேயடியாகத் திட்டுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. க்யூ7 முதல் தலைமுறை, டபிள்யூ164 எம்எல், ஃபோக்ஸ்வாகன் டூவாரெக், போர்ஷே கயேன் இவற்றையெல்லாம் அந்தந்தக் கம்பெனிகளே வெளிநாட்டில் இரும்பு ஸ்பிரிங்கோடும் விற்றிருக்கின்றன. அப்படியென்றால் அந்த எடைக்குக் கணக்குப் போட்ட ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக், மேல் மவுண்ட் எல்லாம் ஃபேக்டரி பார்ட் நம்பரோடு இருக்கின்றன. அவற்றைப் போட்டால் வண்டி கெட்டுப்போகாது, வேறு வேரியண்ட் ஆகிறது, அவ்வளவுதான். மறுபக்கம் ஏர்மேட்டிக் வைத்த டபிள்யூ221 எஸ் கிளாஸ், மெர்சிடிஸ் ஜிஎல், எல்322 ரேஞ்ச் ரோவர் இவையெல்லாம் காற்றுக்கென்றே வடிவமைத்தவை. இவற்றுக்கு விற்கும் ஸ்பிரிங் கிட்டில் விறைப்பு யாரோ ஒருவர் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுத்தது. எஸ் கிளாஸ் வாங்கியதே அந்த மிதப்புக்காகத்தானே, அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு நீளமான, பெட்ரோல் குடிக்கிற செடான்.

ஸ்பிரிங்குக்கு மாறினால் இழப்பது சொகுசு மட்டுமில்லை. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் பட்டனை அழுத்தி வண்டியைத் தூக்கும் வசதி போய்விடும், நம் ஊர் ஹம்ப்களுக்கு அதுதான் பாதி உயிர். பொங்கலுக்குக் குடும்பத்தோடு டிக்கி நிறையச் சாமான் ஏற்றி ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஊருக்குப் போகும்போது பின்பக்கம் தணிந்து ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். ஸீனான் விளக்கு வண்டிகளில் விளக்கின் கோணம் அதே லெவல் சென்சாரைப் பார்த்துத்தான் சரியாகிறது, சென்சாரைக் கழற்றிப் போட்டுவிட்டால் அதுவும் போச்சு. டேஷ்போர்டில் எச்சரிக்கை நிரந்தரமாக எரியும், அதை அணைக்கக் கோடிங் (கண்ட்ரோல் யூனிட்டின் மென்பொருளில் மாற்றம்) செய்ய வேண்டும். சிலர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு பல்பு மறைக்கிற மாதிரி ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறார்கள், அந்த வேலைக்கும் கூலி வாங்குகிறார்கள்.

சட்டப் பக்கமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த அசல் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. ஸ்பிரிங்கை எட்டிப் பார்த்து ரோட்டில் யாரும் நிறுத்தப் போவதில்லை என்று சொல்வார்கள், இருக்கலாம். ஆனால் 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் அடியில் படுத்துப் பார்ப்பார். மாற்றுவதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள்.

ஜோடியா, ஒற்றையா என்ற கேள்வி கட்டாயம் வரும். இரண்டு முன்பக்கப் பெல்லோவும் ஒரே நாளில் பிறந்தவை, ஒன்று போனால் மற்றது பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அலைன்மென்ட், கூலி, வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் அலைவது எல்லாம் இரண்டு தடவை. பணமிருந்தால் ஜோடி. இல்லையென்றால் ஒன்றை இப்போது, ஆனால் மற்றதன் உயரத்தை மாதம் ஒரு தடவை அளந்துகொண்டிருங்கள். ஒரு பக்கம் ஒரு பிராண்ட், மறுபக்கம் இன்னொரு பிராண்ட் மட்டும் வேண்டாம். நாலையும் சேர்த்து மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள், பின்பக்கம் பொதுவாக முன்பக்கத்தைவிட நீடிக்கும்.

கம்ப்ரசரை எப்போது மாற்றுவது? கசிவை அடைத்த பிறகு வண்டியைத் தாழ்த்தி, மறுபடி தூக்கச் சொல்லிப் பாருங்கள். சட்டென்று ஏறினால் அதை விட்டுவிட்டு டிரையர், ரிலே மட்டும் புதுசு போடுங்கள். சத்தம் மட்டும் வருகிறது, வண்டி எழுந்திருக்கத் திணறுகிறது, பாதியில் சூடாகி நின்றுவிடுகிறது என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. ரிங் கிட் தனியாகக் கிடைக்கிறது, கை நல்ல மெக்கானிக் இருந்தால் அதிலேயே இன்னும் சில வருடம் ஓடும். சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருந்தால் ரிங் போட்டுப் பயனில்லை, புதுசுதான்.

யாரிடம் கொடுப்பது என்பதற்கும் ஒரு வார்த்தை. சாதாரண ஓபிடி ஸ்கேனர் சஸ்பென்ஷன் யூனிட்டைப் படிக்காது. மெர்சிடிஸ் என்றால் ஸ்டார் அல்லது எக்ஸென்ட்ரி, ஆடி என்றால் விசிடிஎஸ் என்ற தனி ஸ்கேனர் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். காற்றை இறக்கவும், வேலை முடிந்து உயரத்தை அளவுக்குப் பழக்கவும் அது வேண்டும். வால்வோ பேருந்து, லாரியில் ஏர் பெல்லோ பார்த்துக் கைதேர்ந்தவர்கள் இந்த ஊரில் நிறைய, கசிவு தேடுவதில் அவர்கள் கில்லாடிகள், ஆனால் காரின் எலெக்ட்ரானிக்ஸ் வேறு.

ஒரு விஷயத்தில் மட்டும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். புது ஸ்ட்ரட்டை மாட்டிவிட்டுக் காற்றே இல்லாமல் வண்டியை லிஃப்டிலிருந்து இறக்கினால் முழு எடையும் வெறும் பையின் மேல் விழும், பை கோணலாக மடிந்து முதல் நாளிலேயே பாழாகும், வாரண்டியும் கிடைக்காது. சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஸ்கேனர் வழியாகக் காற்று நிரப்பி, பை சீராக உப்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் மெதுவாக இறக்க வேண்டும். இறக்கின பிறகு உயரம் சரிபார்த்து, அதன் பிறகுதான் வீல் அலைன்மென்ட். அவசரம் என்று வரிசையை மாற்றினால் டயர் உள்பக்கமாகத் தின்னும்.